சரிவில் நிற்கும் டிராக்டர்

காரா-பெல்,
ஜூலை மாதம், புல் அறுப்புக்கு முந்தின வாரம்

ஜிப்பெக்கின் அப்பா அவர்களுக்கு,

துர்துகான் எழுதுவது. நானும் மகளும் உங்கள் அக்காவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். ஆடுகள் மலைக்கு ஏறிவிட்டன. வசந்தத்தில் நோயில் விழுந்த குதிரைக்குட்டி பிழைத்துக்கொண்டது, இப்போது எல்லோரையும் உதைக்கிறது. நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதை வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாததால் உங்களிடமே கேட்கிறேன்.

பக்கத்து வீட்டுக் கனிபெக் லாரியில் நீங்கள் வேலை செய்யும் ஊர்ப் பக்கம் போகிறானாம். இந்தக் கடிதத்தையும் ஒரு பை குருத் தயிர் உருண்டையையும் அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். தொலைபேசியில் பேசலாம்தான். ஆனால் அதற்கு நான் மேட்டில் ஏறி நிற்க வேண்டும். ஏறின மூச்சு அடங்குவதற்குள் நீங்கள் "சரி, வெச்சிரட்டுமா?" என்கிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், பிறகு எடுத்துப் படிக்கலாம்.

போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், டிராக்டரை உங்கள் சித்தப்பா மகன் ஓஸ்கோனுக்கு விற்றுவிடலாம், யோசித்துப் பார் என்று. ஆம்பளை இல்லாத வீட்டுக்கு அது எதற்கு என்றும், கை பிரேக் இல்லாத வண்டி என்றைக்காவது யாரையாவது நசுக்கிவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பணத்தில் அங்கேயே ஒரு கார் வாங்கி ஓட்டப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதல் காரணத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கார் விஷயத்தை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது காரணம் நியாயமானது. அதனால் அதிலிருந்து வேலையைத் தொடங்கினேன்.

அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் அறை வசதியாக இருப்பதாகவும், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்துப் போட்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர்களே. இந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க உங்களை ஒரு வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது. திரை தைக்க எப்போது கற்றுக்கொண்டீர்கள்? சும்மாதான் கேட்கிறேன். எதையும் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இப்போது டிராக்டர். கூட்டுப்பண்ணையைக் கலைத்தபோது மூன்று வீட்டுக்கு ஒரு வண்டி என்று பங்கு போட்டார்களே, அப்போது யாரும் தன் முறை தவறி ஓட்டிவிடக் கூடாது என்று ஆளுக்கொரு பாகத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் பங்கை நாம் வாங்கிக்கொண்டபோது மற்றப் பாகங்கள் எல்லாம் திரும்பி வந்தன. கை பிரேக்கின் கம்பியும் பிடியும் மட்டும் ஷைலோபெக் குடும்பத்தோடு நகரத்துக்குப் போய்விட்டன. அவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து நம் வண்டிக்கு முட்டுக்கட்டைதான் பிரேக். நீங்கள் ஓட்டியபோது நான் மட்கார்டில் உட்கார்ந்து கட்டையோடு குதித்தேன். நான் ஓட்டத் தொடங்கிய பிறகு உங்கள் அக்கா குதிக்கிறார்.

பாத்மா அக்காவின் உடம்பு உங்களுக்குத் தெரியும். குதித்தால் மலை அதிரும். போன வருடம் மேல் புல்வெளியில் டிராக்டரின் அறுப்புக் கத்தியில் புல் சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் அவர் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க, நான் இறங்கிப் புல்லைப் பிடுங்குவேன். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கலாமே என்பீர்கள். அணைத்தால் மறுபடி கிளப்ப அரை கிராமமும் வந்து தள்ள வேண்டும். அணைத்துக் கியரில் விட்டாலும் அந்தக் கிழட்டு எஞ்சின் பிடித்து நிறுத்துவதில்லை, டொக் டொக் என்று கொஞ்சங் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. கடைசி நாள் அக்கா கட்டையை வைத்துக் கையை எடுப்பதற்குள் சக்கரம் ஏறிவிட்டது. கையுறை மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது. கை தப்பியது. அக்கா கையுறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புது கையுறைடீ"ன்னு மட்டும் சொன்னார். நான் அன்றைக்கு அழுதேன், அதை அப்போது உங்களுக்கு எழுதவில்லை.

இந்த வருடம் என் யோசனை எல்லாம் இதுதான்: ஓட்டுகிறவளே இறங்கிப் போய்விட்டு வரலாம், வண்டி தானாக நிற்க வேண்டும். அப்படி ஒன்று செய்துவிட்டால் அதை விற்க வேண்டிய அவசியம் இல்லை என்று நீங்களே ஒத்துக்கொள்வீர்கள் அல்லவா?

அக்காவிடம் சொன்னேன். "இதுக்குப் போயி மண்டைய ஒடச்சுக்கணுமா? நிக்காத குதிரய என்ன பண்ணுவோம்?" என்று கொட்டகைக்குள் போனார். குதிரைத் திருடர்களுக்குப் பயந்து உங்கள் அப்பா வாங்கி வைத்த இரும்புக் கால்விலங்கை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு வளையம், நடுவில் சங்கிலி. பிரேக் மிதியை அழுத்தி, மிதியின் தண்டில் ஒரு வளையம், கால்வைக்கும் தகட்டின் போல்ட்டில் இன்னொரு வளையம். மிதி மேலே எழும்ப முடியாது. நான் அசந்துபோனேன். இவ்வளவு சுலபமா என்று தோன்றியது.

மிதி இரண்டு அல்லவா, இடச்சக்கரத்துக்கு ஒன்று, வலச்சக்கரத்துக்கு ஒன்று? எதில் பூட்டுவது என்று கேட்டேன். அக்காவுக்கு என் கேள்வியே பிடிக்கவில்லை. "குதிரைல எந்தப் பக்கம் ஏறுவ? இடப்பக்கம். எந்தப் பக்கம் கட்டுவ? இடப்பக்கம். இதெல்லாம் ஒனக்கு ஒருத்தர் சொல்லணுமா?" என்றார். சரிதானே என்று எனக்கும் பட்டது. இடப்பக்கம் பூட்டினோம்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சரிவில் மூக்கு மேலே பார்க்க வண்டியை நிறுத்தி, விலங்கைப் பூட்டி, நியூட்ரலில் விட்டு இறங்கினேன். நின்றது. நானும் அக்காவும் கையைத் தட்டினோம். தட்டி முடிப்பதற்குள் அது மெல்லத் தலையைத் திருப்பியது. இடச்சக்கரம் வைத்த இடத்தில் அப்படியே இருக்க, வலச்சக்கரம் அதைச் சுற்றி ஓசைப்படாமல் வந்தது. வந்து, குளிர்காலத்துக்கு அடுக்கி வைத்திருந்த வறட்டிச் சுவரில் பின்புறத்தைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டது. சுவர் முழுக்கப் போயிற்று. அக்காவுக்கு வருத்தமே இல்லை. "கட்டுன குதிர மாதிரியே சுத்துது பாரேன்!" என்று பெருமையாகச் சொல்கிறார்.

ஏன் சுற்றியது? இதுதான் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. மறுநாள் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் மரத்துண்டுகளை அடுக்கி, இரண்டு சக்கரமும் தரையில் படாமல் தொங்கவிட்டேன். கியரில் விட்டு இடச்சக்கரத்தைக் கையால் முன்னால் சுற்றினேன். வலது சக்கரம் பின்னால் சுற்றியது! ஜிப்பெக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் மறுபடி மறுபடி சுற்றச் சொன்னாள். அக்கா தள்ளி நின்று கடவுள் பெயரைச் சொன்னார். பிறகு நியூட்ரலில் விட்டு இடச்சக்கரத்தைக் கயிற்றால் கட்டிப் பார்த்தேன். வலது சக்கரம் தன் பாட்டுக்குச் சுதந்திரமாக ஓடியது. இரண்டும் ஒரே வண்டியின் சக்கரம், ஒன்றைக் கட்டினால் மற்றதும் நிற்கும் என்று நான் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். ஒன்று கட்டுப்பட்டு நின்றால் மற்றது அதைச் சுற்றி வேறு பக்கம் போய்விடும். நீங்கள் இவ்வளவு காலம் ஓட்டினீர்களே, இது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?

ஆக, இரண்டு மிதியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். லாரியின் உடைந்த இரும்புப் பட்டைவில்லில் ஒரு துண்டை இரண்டு மிதிக்கும் குறுக்கே போட்டேன். அப்போதும் ஒரு குறை. இடது பிரேக் அதிகம் தேய்ந்திருக்கிறது, அதனால் பட்டை வலது மிதியை மட்டும் அழுத்திவிட்டு நின்றுவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் தோன்றியது, பட்டையை இறுக்கி வைத்தால்தானே இந்தத் தொல்லை. நடுவில் ஒரே ஒரு துளை போட்டு, தராசுக்கோலைப் போல அதைத் தொங்கவிட்டால்? எந்தப் பக்கம் தேய்ந்திருந்தாலும் கோல் அந்தப் பக்கம் சாய்ந்து இரண்டையும் ஒரே அளவு அழுத்தும். அழுத்தியது! நடுத்துளையிலிருந்து கீழே இழுக்க அதே கால்விலங்குச் சங்கிலிதான். வேறு எந்தச் சங்கிலியும் அவ்வளவு கெட்டியாக இல்லை.

சங்கிலியை இழுக்கிற பிடி, பழைய இரும்புக் கட்டிலின் கால். இழுத்த இடத்தில் அது நிற்க ஒரு பல்வரிசை வேண்டும். அதற்கு நான் எங்கும் போகவில்லை. அறுப்புக் கத்தியின் தேய்ந்த பட்டை கொட்டகையில் கிடந்தது, அதில்தான் முக்கோணம் முக்கோணமாகப் பல் இருக்கிறதே. இரண்டு பக்கமும் சரிவாக இருந்ததால் பிடி வழுக்கியது. ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கத்தை அரத்தால் ராவி நேராக்கினேன். கையெல்லாம் கொப்பளம். வெல்டிங் மட்டும் பட்டறைக்காரன் ஸ்தாம்குல் வந்து வைத்துக் கொடுத்தான். வந்தவன், "ஒங்க வீட்டுக்காரர் வந்து பாத்தா பயந்துருவார்"ன்னான். பயந்தால் பரவாயில்லை, வந்தால் சரி என்று சொல்லிவிட்டேன்.

இந்த முறை கை தட்டவில்லை. மேல் புல்வெளியிலேயே, எல்லாவற்றிலும் செங்குத்தான இடத்தில் நிறுத்தினேன். பிடியை இழுத்தேன். இறங்கி, சக்கரத்திலும் அதற்கு நேராகத் தரையில் கிடந்த கல்லிலும் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு, அக்காவோடு போய்க் பெட்டைக் குதிரைகளிடம் பால் கறந்துவிட்டு வந்தேன். கோடு ஒரு விரல் நகர்ந்திருந்தது. சங்கிலி இளகியிருக்கிறது, ஒரு வளையம் குறைத்துப் பூட்டினேன். மறுபடி கறப்புக்குப் போனோம். திரும்பி வந்தபோது கோடு கோட்டின் மேலேயே இருந்தது. நான் வண்டியின் முன்னால் போய் நின்று பார்த்தேன். பின்னால் போய் நின்று பார்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, மேலே யாரும் இல்லை, அது நின்றுகொண்டிருக்கிறது. இவ்வளவு சந்தோஷம் எனக்கு ஜிப்பெக் பிறந்தபோது வந்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

அதனால் விற்க வேண்டாம். இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அக்கா இனி குதிக்க வேண்டியதில்லை. நான் ஒருத்தியே அறுத்துவிடுவேன். இன்னொன்று கேட்க வேண்டும்: வலப்பக்க டிரம் சூடானால் மெல்லிசாக ஒரு சத்தம் போடுகிறது. உங்கள் காலத்திலும் போடுமா, அல்லது என் வேலையால் வந்த குறையா?

கனிபெக்கின் லாரிக்கு டயர் கிடைக்காமல் பயணம் தள்ளிப்போயிற்று. கடிதம் அலமாரியில் கிடந்தது. இடையில் ஒன்று நடந்துவிட்டதால் அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நேற்று ஓஸ்கோன் வந்தான். சலவைச் சட்டை, தோளில் இழுவைக் கயிறு. அக்கா வாசலில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். "ஏன்டா, மாப்பிள்ள மாதிரி வந்திருக்க? டிராக்டரக் கட்டிக்கப் போறியா?" என்றார். அவன் சிரித்துவிட்டு என்னிடம் சொன்னான், "அண்ணி, அண்ணன் போன்ல பேசிட்டாரு. வண்டிய எடுத்துட்டுப் போகச் சொன்னாரு. ஒங்ககிட்டயும் சொல்லிட்டேன்னாரே?"

நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. யோசித்துப் பார் என்றுதான் எழுதியிருந்தீர்கள். அதை நான் ஓஸ்கோனிடம் காட்டிக்கொள்ளவில்லை. வண்டி மேல் புல்வெளியில் நிற்கிறது, போய்ப் பார் என்றேன்.

நாங்களும் பின்னால் ஏறிப் போனோம். அவன் ஏறி உட்கார்ந்து நியூட்ரலில் போட்டு, கீழே உருளட்டும் என்று காத்திருந்தான். உருளவில்லை. பிடியைப் பார்த்துவிட்டு இழுத்தான். அது இன்னும் ஒரு பல் ஏறி இறுகிக்கொண்டது. மறுபடி இழுத்தான். "நகரவே மாட்டேங்குது, என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க?" என்று கத்தினான்.

"நிக்கலன்னு சொல்லித்தானே வெலயக் கொறச்ச? இப்ப நிக்குதுன்னு அழுவுறியா?" என்றார் அக்கா.

நான் ஏறிக் காட்டினேன். பிடியைக் கொஞ்சம் இழுத்து, பக்கவாட்டில் தள்ளி, விட வேண்டும். அவ்வளவுதான். காட்டிவிட்டு மறுபடி இழுத்து வைத்தேன். அவன் என்னை இறங்கச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தான். சலவைச் சட்டையோடுதான். வெளியே வந்தபோது தலையெல்லாம் புல். "அண்ணி, இந்தத் தராசுக்கோல் யாரு யோசன?" என்றான். என்னுடையது என்றேன். தலையிலிருந்த புல்லைத் தட்டிவிட்டான். பிறகு சொன்னான், "பேசின வெலைக்கு மேல தர்றேன். இப்படி நிக்கிற வண்டி இந்தப் பள்ளத்தாக்குல வேற இல்ல. நானே அண்ணன்கிட்ட சொல்றேன், சந்தோஷப்படுவாரு."

விற்காமல் இருக்க இத்தனை பாடுபட்டேன், கடைசியில் என் கையாலேயே அதற்கு விலை ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு முட்டாளை நீங்கள் கட்டிக்கொண்டீர்கள்.

அப்போது அக்கா விதையைத் துப்பிவிட்டு எழுந்தார். "வண்டிய எடுத்துக்க. வெலங்கக் கழட்டிக் குடுத்துட்டுப் போ."

"ஏன்?"

"குதிரைய விக்கலாம். அதக் கட்டுன கயித்த எவன்டா விப்பான்? வீட்டுக் கொடுப்பின எல்லாம் அதோட போயிரும்."

"இது குதிரையா அக்கா?"

"குதிர இல்லன்னா அதுக்கு ஏன்டா குதிர வெலங்கு போட்டிருக்கு?"

ஓஸ்கோனின் அப்பா ஒரு தடவை அவசரத்தில் கயிற்றோடு சேர்த்துப் பெட்டைக் குதிரையை விற்றதும், அந்தக் குளிர்காலம் அவர்கள் கொட்டகை காலியானதும் உங்களுக்கே தெரியும். நானும் சும்மா இருக்கவில்லை. விலங்கைக் கழற்றித் தருகிறேன், கொண்டுபோ என்று சங்கிலியில் கை வைத்தேன். அவன் சரிவைப் பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் நேர் கீழே நம் வீடும் வாசலில் விளையாடுகிற ஜிப்பெக்கும் தெரியும். "வேணாம், விடுங்க அண்ணி" என்றான்.

கீழே வந்து புளித்த குதிரைப்பால் குமிஸ் குடித்தான். போகிறபோது வேலியருகே நின்று திரும்பினான். "எங்க வீட்டுலயும் ஒரு வெலங்கு கெடக்குது அண்ணி" என்றான். தெரியும் என்றேன். எந்த வீட்டில்தான் இல்லை? அதைக் கொண்டுவந்து மாட்டினால் வண்டி அவனுக்கும் நிற்கும். அவன் இழுவைக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க புல்ல அறுத்து முடிங்க. அண்ணன் வந்து அவரு கையால குடுக்கட்டும். அப்ப வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஓஸ்கோன் நல்லவன். ஆனால் இதை நான் உங்களிடம் மறைக்க மாட்டேன்: அவனை விலங்கு தடுக்கவில்லை, பழக்கமும் தடுக்கவில்லை. என்னைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் போயிருக்கிறான். நீங்கள் இன்னொரு தடவை போன் செய்து எடுத்துக்கொள் என்றால் எடுத்துக்கொள்வான். விலையும் முன்னைவிட அதிகம் தருவான். உங்களுக்குக் கார் கிடைத்துவிடும். கார் கிடைத்தால் நீங்கள் அங்கேயே இருந்துவிடுவீர்கள் என்று நான் பயப்படுகிறேன். எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துவிடப் போவதில்லை, அப்படியே இருக்கட்டும்.

நாளை அறுப்பு. கணவாயில் பனி விழ இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு தடவை வாருங்கள். தங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, வந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். வண்டியை நீங்களே மேலே ஏற்றி, பிடியை இழுத்து, இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீடு வரைக்கும் நடந்து வாருங்கள். கட்டை இல்லாமல், யாரும் குதிக்காமல். அதற்குப் பிறகும் விற்க வேண்டும் என்று என் எதிரே நின்று சொன்னால், நானே சங்கிலியைக் கழற்றுகிறேன். போனில் சொன்னால் கழற்ற மாட்டேன்.

உங்கள் வழி வெள்ளையாக இருக்கட்டும். ஊரைவிட்டுப் போகிறவர்களுக்குத்தானே இப்படிச் சொல்வோம், வருகிறவருக்கும் சொல்லலாமா என்று அக்காவைக் கேட்டேன். "போன வழிதானேடீ வர்ற வழியும், எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும்
துர்துகான்